ரிலே சொன்ன பதில்

தோட்டத்து ஷெட்டில் ஒரு சர்க்யூட் போர்டும் ரிலேயும் அருகருகே இருந்தன. காலையில் போர்டு ஐந்து வோல்ட்டில் ரிலேயை மெல்லக் கூப்பிடும். உடனே ரிலே 'டிக்' என்று தனக்குள் இருக்கும் சுவிட்சைச் சேர்த்து மோட்டாருக்குக் கரண்ட் விடும். தூரத்துக் கிணற்றில் பெரிய மோட்டார் ஓடும்.

"அண்ணே, மோட்டார் என்னைப் பத்தி ஏதாவது கேட்டுச்சா?" என்று போர்டு தினமும் கேட்கும்.

"உன்னை அதுக்குத் தெரியவே தெரியாது. அதோட கரண்ட் பட்டா நீ கருகிடுவே. பேசாம இரு," என்று ரிலே எரிந்து விழும்.

ஒருநாள் மோட்டாரைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். போர்டுக்கு அது தெரியாது. மறுநாள் காலையும் கூப்பிட்டது. ரிலே 'டிக்' என்று சேர்த்தது. அந்தப் பக்கம் கரண்டை வாங்கிக்கொள்ள யாருமில்லை.

"அண்ணே, கேட்டுச்சா?"



"இன்னைக்குக் கேட்டுச்சுடா," என்றது ரிலே.