கடைசிப் பக்கம் எங்கே?

நெல்லிக்காய் ஒன்றைக் கொடுத்து, பக்கத்து பெஞ்சு தபீதாளிடமிருந்து அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை மாற்றிக்கொண்டாள் மெஹர் பானு.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும்தான் அந்த இரும்புலியூர்ப் பள்ளிக்கூடத்தில் நூலக அலமாரி திறக்கும். மற்ற நாளெல்லாம் சாவி ஜெயசீலி டீச்சரின் இடுப்பில். பிள்ளைகள் கை பட்டால் புத்தகம் கெட்டுவிடுமாம்!

போன வருஷம், அதாவது அறுபத்தாறில், இன்ஸ்பெக்டர் தாமதமாக வந்தார். அந்தப் புண்ணியத்தில் பாதிக் கதை படித்துவிட்டாள். கப்பல்காரர்கள் ஒரு சிறுமியைத் தீவில் மறந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் தாவணியைக் கிழித்துக் கொடி கட்டுகிறாள். தூரத்தில் புகை தெரிகிறது.

அந்த இடத்தில் டீச்சர் வந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

ஒரு வருஷமாக வீட்டில் தங்கை குல்ஷனின் நச்சரிப்பு வேறு. "அக்கா, கப்பல் வந்துச்சா?"

"இன்ஸ்பெக்டர் வரட்டும்டி, வந்துடும்."

இன்று விட்டால் இனிக் கிடையாது. இந்த எட்டாவதோடு படிப்பை நிறுத்துவதாக அத்தா சொல்லியாயிற்று. அத்தா சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் டீச்சர் இந்த வருஷம் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் தாமே பிரித்து டெஸ்க் மேல் வைத்தார்.

"வெச்ச பக்கம் வெச்சபடி இருக்கணும். யாராவது திருப்பினீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

மெஹருக்கு வாய்த்தது கப்பல் புறப்படுகிற பக்கம். அதுதான் மனப்பாடமாயிற்றே!

இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கை போனால் போகட்டும் என்று கொத்தாகப் பக்கங்களைத் திருப்பினாள்.

பக்கமே இல்லை.

நடுவில் குழி. குழி நிறைய மண். கரையான்கள் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. தீவு, கொடி, புகை எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் பின்னட்டையை மட்டும் மிச்சம் வைத்திருந்தன, பாவிகள்! டீச்சரின் சட்டம் எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

படக்கென்று மூடினாள். நிமிர்ந்தால் எதிரே இன்ஸ்பெக்டர்.

"அட, படிச்சு முடிச்சிட்டியாம்மா? கடைசியில என்ன ஆச்சு?"

அவர் தோளுக்குப் பின்னால் டீச்சர் கண்ணாலேயே அவள் கையை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் வந்துச்சு சார். அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயிட்டா."

மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

"டீச்சர், ஒரே ஒரு ஸ்கூலுக்குத்தான் புதுப் புத்தகம் கொடுத்திருக்காங்க. பிள்ளைங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போய்ப் படிக்கலாம். உங்களுக்குத்தான்னு ஜீப்புல போட்டுக்கிட்டு வந்தேன். ஆனா இங்கதான் லைப்ரரி இவ்வளவு நல்லா இருக்கே! வண்டலூர்ல கொடுத்துடறேன்."

ஜன்னல் வழியே பார்த்தாள். ஜீப்பின் பின்சீட்டில் பெட்டி பெட்டியாக இருந்தது. அவர் ஏறி உட்கார்ந்ததும் ஜீப் கிளம்பிப் போயே போய்விட்டது.

பக்கத்தைத் திருப்பியதற்கு டீச்சர் அடிஸ்கேலால் விரல் முட்டியில் போட்டார். அது அவ்வளவாக வலிக்கவில்லை.

சாயங்காலம் குல்ஷன் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கப்பல் வந்துச்சாக்கா?"

"வந்துச்சுடி," என்றாள் மெஹர். "நான்தான் போகச் சொல்லிட்டேன்."