உள்தாழ்ப்பாள்

"நீங்களே வந்து பாருங்க மேடம். மாடி ரூம் பொண்ணைத் தேடி ஒரு ஆளு வர்றான், அப்பா வயசு இருக்கும். இந்த மாசத்துல இது மூணாவது தடவை. குடும்பம் இருக்கற வீடு இது!"

வீட்டுக்காரம்மா போனில் சொல்லி முடிப்பதற்குள் குழந்தைகள் நல அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

மூன்று வளர்ப்பு வீடுகள் மாறி மாறி வளர்ந்த பெண். பதினெட்டு முடிந்ததும், துறையின் சார்பில் ஒரு வருஷத்துக்கு அந்த மாடி அறையைப் பிடித்துக் கொடுத்ததே இந்த அதிகாரிதான். 'நடத்தை சரியில்லை' என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், பெண் நடுத்தெருவில்.

எழுதும் முடிவோடுதான் மாடிப்படி ஏறினாள்.

கதவு திறந்தே இருந்தது. நரைத்த தலையோடு ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்திக்கொண்டிருந்தார். பெண் உள்ளங்கையில் திருகாணிகளை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"உள்பக்கம் தாழ்ப்பாளா? ரொம்ப நல்லா இருக்கு! யாரு இவரு, சொந்தமா?"

"இல்ல மேடம்."

"வேலை செய்யற இடத்துல பழக்கமா?"

"இல்ல... போன்லதான்."

"போன்லயா!" பின்னாலேயே வந்த வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் வந்து..." என்று எழுந்தார் அவர்.

"நீங்க பேசாதீங்க. ஏம்மா, எதுக்கு இந்தத் தாழ்ப்பாள்?"

பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "போன வாரம் ரெண்டு நாள், தூங்கும்போது யாரோ கதவைத் தள்ளினாங்க. நாற்காலியை முட்டுக் கொடுத்துட்டு விடியற வரைக்கும் அதுலயே உக்காந்திருந்தேன்."

வீட்டுக்காரம்மாவுக்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அறையை வந்து பார்க்காமலே 'பாதுகாப்பானது' என்று டிக் அடித்தது அதிகாரிக்கு உறுத்தியது. உறுத்தல் குரலில் கோபமாகத்தான் வந்தது.

"அதுக்கு முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிடுவியா? நான் எதுக்கு இருக்கேன்? எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடு, என்னை அம்மாவா நினைச்சுக்கோன்னு நம்பர் எழுதிக் கொடுத்தேனா இல்லையா?"

பெண் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்தே கிழிந்துபோயிருந்தது.

"இங்க வந்த அன்னிக்கே பயமா இருந்துச்சு, கூப்பிட்டேன் மேடம். இவர்தான் எடுத்தாரு."

அதிகாரி வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்தேதான். கடைசி எண் இரண்டு என்று இருக்க வேண்டும். ஏழு என்று இருந்தது.

தெரியாமல் எழுதிய ஏழு இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒருத்தி வளர்ப்பு வீட்டை விட்டு வெளியே போன நாளிலிருந்து சாப்பிட விடாமல், தூங்க விடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். கடைசி எண்ணை மாற்றி எழுதிக் கொடுப்பது அப்போது ஆரம்பித்த பழக்கம். இதுவரை யாருக்கும் தெரியாது.

"அடடா... கை தவறிடுச்சு போலிருக்கு." குரல் இறங்கிப்போனது.

அவர் கடைசித் திருகாணியை முடுக்கினார். "போட்டுப் பாரும்மா" என்றார்.

பெண் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். எந்த வளர்ப்பு வீட்டிலும் அவள் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருந்ததில்லை. ஒரு தடவை திறந்து, மறுபடியும் போட்டாள். அவள் கண் கலங்கியது.

அவர் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே அதிகாரியிடம் திரும்பினார்.

"உங்க சீட்டோட எனக்கு வந்த அஞ்சாவது பிள்ளை மேடம் இது. குழாய் வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அடுத்த பிள்ளைக்கும் இதே நம்பரைத்தானே எழுதிக் கொடுப்பீங்கன்னு, போனை மட்டும் விடாம வெச்சிருக்கேன்."