சிரிலோ என்ன குடித்தான்?

"மழுப்பாதீங்க கொம்பாத்ரே. என் புருஷன் உங்க கடையில கோலா குடிச்சாரா, இல்லையா?"

எவ்லாலியா மேஜையில் ஓங்கித் தட்டினாள். மிட்டாய் ஜாடி ஆடியது. கடைக்காரர் நிக்கானோர் அதை எட்டிப் பிடித்துக்கொண்டார். சொந்தப் பெண்டாட்டி இப்படிக் கண் சிவக்க வந்து நின்றாலே ஆம்பிளைகளுக்கு உதறும், இது அடுத்தவன் பெண்டாட்டி வேறு!

"யாரு, சிரிலோவா? என் கடையிலயா? சேச்சே!"

சொல்லிக்கொண்டே நகர்ந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போய் நின்றுகொண்டார். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காலி மரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதில் ஒரு ஆள் உட்கார்ந்தால் தெருவிலிருந்து தெரியாது.

"நாளன்னைக்குப் படையல். செத்தவங்க வீட்டுக்கு வர்ற நாள். முதல் தடவையா வர்றார், அவருக்கு என்ன எடுத்து வைக்கணும்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

சிரிலோ போய் அஞ்சு மாசம் ஆகிறது. சர்க்கரை வியாதி. முதலில் கால் விரல், பிறகு பாதம், ஜூன் மாதம் ஆளே போய்விட்டான். நாற்பத்தாறு வயசு, பாவி மனுஷன்.

மெக்சிகோவின் இந்த மலைப்பக்கம் சாராயத்தை விடுகிறவர்கள் கோயிலுக்குப் போய், பாதிரியார் முன்னால், மாதா மேல் சத்தியம் பண்ணுவார்கள். அவர் கையெழுத்துப் போட்ட மாதா படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், கோலாவை விடுகிறேன் என்று அப்படிச் சத்தியம் பண்ணியவன் ஊரிலேயே சிரிலோ ஒருத்தன்தான். ஊரே சிரித்தது. எவ்லாலியா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்து, ரெண்டு லிட்டர் ஜாடியில் ஊற்றி, அவன் ஆட்டோவில் தன் கையாலேயே வைத்து அனுப்பினாள்.

அந்தச் சத்தியத்தை மீறினான் என்று தெரிந்தால் இவள் படையலே போடமாட்டாள் என்று நிக்கானோர் பயந்தார். கொம்பாத்ரே என்று அவள் கூப்பிடுவது சும்மா இல்லை. அவள் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அவர்; அந்த உறவில் அவருக்கு அவள் கொமாத்ரே. செத்துப்போன சிநேகிதனின் மானத்தை அவர் காப்பாற்றாமல் வேறு யார் காப்பாற்றுவது?

"அட, உட்காருங்க கொமாத்ரே. என்ன இப்பல்லாம் சீனி வாங்கவே வர்றதில்ல? வாரத்துக்கு ரெண்டு கிலோ வாங்குவீங்களே" என்று பேச்சை மாற்றப் பார்த்தார்.

"சீனியை விடுங்க. திருட்டுத்தனமாவது குடிச்சாரா? ஒரு தடவை? நல்ல வெயில்ல?"

"இல்லவே இல்ல. நானே சும்மா குடுத்தாக்கூடத் தொடமாட்டான். உங்க ஜாடியைத்தான் ஊருக்கெல்லாம் காட்டுவான். 'பாருங்கடா, என் பெண்டாட்டி போட்ட மருந்து'ன்னு சொல்லிச் சொல்லிக் குடிப்பான். மத்தியானத்துக்குள்ள ஜாடி காலி."

"ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கமாட்டாரா?"

"வைப்பானா? அவ்வளவு ஆசை உங்க மேல!"

எவ்லாலியாவின் முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்" என்றார் நிக்கானோர். தலைக்கு மேலே கலர் பல்பு சுற்றி மாட்டியிருந்த மாதா படத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எப்படியோ சிநேகிதனைக் காப்பாற்றிவிட்டோம் என்று மூச்சு விட்டார்.

எவ்லாலியா பக்கத்திலிருந்த மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"நான்தான் அவரைக் கொன்னுட்டேன். போன மாசம் நர்ஸம்மா கேட்டா, ஜாடிக்கு எவ்வளவு சீனி போட்டீங்கன்னு. ஒரு கப் நிறைய, எங்க வீட்டுல எப்பவும் போடுறதுதான்னேன். பூத் தண்ணிதானே, பூ என்ன பண்ணிடப்போகுதுன்னு நெனச்சேன். கோலாவுலயும் அவ்வளவு சீனிதாம்மா இருக்குன்னு சொல்லிட்டு, அவ என் மூஞ்சியப் பார்க்காமத் திரும்பிக்கிட்டா."

அவளுக்குக் குரல் உடைந்தது. "அன்னையிலேருந்து ஒவ்வொரு கடையா ஏறி இறங்குறேன். அவர் எங்கேயாவது என்னை ஏமாத்தி ஒரு பாட்டில் குடிச்சிருக்கணும், எல்லாத்தையும் என் கையால குடிச்சிருக்கக்கூடாதுன்னு. மிச்சம் இருந்தது உங்க கடை ஒண்ணுதான்."

ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம்! நிக்கானோர் பாய்ந்துபோய் அந்த மரப்பெட்டியை வெளியே இழுத்துப்போட்டார்.

"குடிச்சான் கொமாத்ரே! தினமும் குடிச்சான்! இதோ, இதுலதான் உட்காருவான். மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதடான்னு என் கையப் பிடிச்சுக் கெஞ்சினான். அதான் நான் மறைச்சேன். மாதா மேல சத்தியம்!"

இந்தத் தடவை படத்தை நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எவ்லாலியா அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு சால்வை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரொம்ப நல்லவர் கொம்பாத்ரே, எனக்காகப் பொய்ச் சத்தியம்கூடப் பண்றீங்க."