வியாழக்கிழமைப் படகு

தீவின் படகுத்துறை விசாரணை கவுண்டரில் போன் அடித்ததும் பக்கத்து சீட்காரி சிரித்தாள்.

"உன் பெரியவர்தான். செவ்வாய்க்கிழமை தவறாம வழி கேட்பாரு, ஒரு நாளும் வர மாட்டாரு. கட் பண்ணுடி."

அவள் கட் பண்ணவில்லை. இந்த வாரமாவது டிக்கெட் போட்டுவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

"மேடம், ஏர்போர்ட்ல இறங்கினா தீவுக்கு எப்படி வரணும்?"

"வாசல்லயே நீல பஸ் நிக்கும், ஐயா. நேரா கரையில கொண்டுவந்து விடும். அங்கேருந்து படகுல முக்கால் மணி நேரம்."

"ரொம்ப ஆடுமோ? எனக்கு முட்டிவலி."

"நடு சீட்டா போடுறேன். ஆட்டம் தெரியாது."

"சரி, வியாழக்கிழமைக்கு ஒண்ணு போடுங்க மேடம்."

பக்கத்து சீட்காரி வாயைப் பிளந்தாள். அவள் ஃபாரத்தை எடுத்தாள்.

"இங்க வந்து கூட்டிட்டுப் போறது யாருன்னு எழுதணும், ஐயா."

"மக இருக்கா. வருவாளான்னு தெரியல."

"கண்டிப்பா வருவாங்க."

நம்பரைக் கேட்காமலே எழுதினாள்.

"ஏய், அது உன் நம்பருடி."

அவள் போனைப் பொத்திக்கொண்டாள். "எங்கப்பாடி. அவர் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணினதுலேருந்து மூணு வருஷமா மககிட்ட பேச மாட்டேங்கிறாரு. கவுண்டர் மேடம்கிட்ட பேசலாமில்ல?"

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்ப்பா."

வாய் தவறி வந்துவிட்டது. போனை வைத்துவிடுவாரோ என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"படகு எத்தனை மணிக்குன்னு சொல்லலையே, கண்ணு."