மூக்கு தாங்கும் எடை

உலக வான்பயண வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செயற்குழுக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு, திருமுல்லைவாயில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, லிப்டுக்குள் கூடியது.

கூடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. கரண்ட் போய் மாட்டிக்கொண்டது.

ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும் விஷயம் வேறொரு செயற்குழுவின் தீவிரப் பரிசீலனையில் இருந்தது.

உள்ளே மூன்று பேர். மாதிரி விமான மன்றத்தின் தலைவர் ஜானகிராமன், செயலாளர் கோதண்டம், உறுப்பினர் நிர்மல். நான்காவதாக, நிர்மல் மார்போடு அணைத்து நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்த விமானம். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு நாலடி.

"மூணு பேர் இருக்கோம், செயற்குழுவுக்கு இது போதும்," என்றார் தலைவர். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்புகளை நகர்த்திவிட்டு, ஓய்வுபெற்ற பின் ஆகாயத்தை நகர்த்த முன்வந்தவர். "காமிரா விஷயத்தை இங்கயே முடிச்சிடலாம்."

இன்று முதன்முதலாகப் பறக்கப்போகும் இந்த விமானத்தின் மூக்கில் எந்தக் காமிராவைப் பொருத்துவது? அதுதான் விஷயம்.

தலைவர் கையில் இருந்தது, மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. முன்னால் ஒரு திரை, பின்னால் ஒரு திரை. நூற்றைம்பத்து நாலு கிராம்.

"பத்து மீட்டர் ஆழத்துல, தண்ணிக்குள்ளயும் எடுக்கும்."

"ஏரில உழுந்துச்சுன்னா மீனையும் சேத்து எடுத்துக்கினு வரும், தலைவரே," என்றார் கோதண்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கிண்டலா பாராட்டா என்று தலைவருக்குப் பிடிபடவில்லை. பாராட்டாகவே வைத்துக்கொண்டார்.

நிர்மல் வாங்கியிருந்தது கட்டைவிரல் அளவு. திரை கிடையாது. முப்பத்தைந்து கிராம்.

"இது காமிராவாப்பா? சட்டைப் பட்டன் மாதிரி இருக்கு."

"சார், மூக்கு ஐம்பது கிராம்தான் தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா..."

"கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

இருந்தது. அதன் எடைதான் நூற்றைம்பத்து நாலு கிராம்.

எட்டு மாதம். பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, தெர்மோகோலை அறுத்து, ஒட்டி, தேய்த்து, மறுபடி அறுத்து நிர்மல் செய்த விமானம். ஐம்பதைத் தாண்டினால் மூக்கு தாழும். தாழ்ந்தால் நேரே தரைதான்.

மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. பறக்கவிட அனுமதி கிடைத்த ஒரே மைதானம், பட்டாபிராமில் தலைவரின் சம்பந்திக்குச் சொந்தமானது.

கீழே பார்க்கிங்கில் இருபது உறுப்பினர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். அந்த இருபது பேர் முன்னால் தலைவர் ஒரு கிராம்கூட இறங்கி வரமாட்டார். இறங்கி வந்தால் இந்தப் பெட்டிக்குள்தான். கதவு திறப்பதற்குள்தான்.

நிர்மல் எடைச் சமநிலை பற்றிச் சொன்னான். தலைவர் சிங்கப்பூர் பற்றிச் சொன்னார்.

ஏழு இருபத்தைந்துக்கு, நிர்மலின் தோளருகே பொத்தான் பலகையில் ‘2’ என்ற எண் சிவப்பாக எரிந்தது.

கரண்ட் வந்துவிட்டது.

மற்ற இருவருக்கும் தெரியவில்லை. எரிந்துகொண்டிருந்தது பேட்டரி விளக்கு. ஃபேன் போன வருடமே நின்றுபோனது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

நிர்மல் விமானத்தைக் கொஞ்சம் நகர்த்தினான். இடது இறக்கை பலகையை மறைத்தது.

"இன்னா நைனா, மூச்சு முட்டுதா?" என்றார் கோதண்டம்.

"இல்லண்ணே, பரவால்ல."

ஐடி கம்பெனியில் பதினாலு வருடம் வேலை பார்த்தவன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் நீளவேண்டும் என்று விரும்பினான்.

ஏழு நாற்பதுக்குத் தலைவரின் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பையில் இருந்த தொடக்க உரை ஊறிப்போனது. ஏழு நாற்பத்தைந்துக்கு அவர் சுவரில் சாய்ந்தார். அவருக்குப் பிரஷர் உண்டு என்பது நிர்மலுக்குத் தெரியும். அவன் கை இறக்கைக்குப் பின்னால் போனது. திரும்பி வந்தது.

"சார், காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்போ அந்த மூக்கு விஷயம்..."

"அட, சின்னதையே வைப்பா!" தலைவர் கைக்குட்டையைப் பிழிந்தார். "ஆனா, தலைவரின் ஆலோசனைப்படின்னு மினிட்ஸ்ல எழுதணும்."

"எய்திக்கோ நைனா, சீக்கிரம்," என்றார் கோதண்டம். "மன்சன் மன்ச மாத்திக்கினு போறாரு."

நிர்மல் அங்கேயே சின்னக் காமிராவை மூக்கில் வைத்துத் திருகினான். பிறகு முழங்கையால் பொத்தானை அழுத்தினான். லிப்ட் குலுங்கி இறங்கியது.

"கரண்ட் வந்துடுச்சு சார்!"

குரலில் இருந்த ஆச்சரியத்தை அவனே நம்பினான்.

கதவு திறந்ததும் கைதட்டல். தலைவரின் மனைவி கோமளா தாம்பாளத்தோடு முன்னால் வந்தார். கற்பூரம் காட்டினார். இறக்கைக்குக் குங்குமம் வைத்தார். பிறகு எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த கயிற்றை எடுத்து மூக்கில் கட்டினார். மூன்று முடிச்சு.

"புது வண்டி. கண்ணு படக்கூடாதுல்ல தம்பி?"

நிர்மல் வாயைத் திறந்தான். இருபது பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோதண்டமும்தான். வாயை மூடிக்கொண்டான்.

மைதானத்துக்குப் போய்க் கழற்றிவிடலாம் என்று நினைத்தான். கோமளா வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பட்டாபிராமில் எடுத்த படம் ஒன்பது விநாடி ஓடுகிறது. முழுக்க எலுமிச்சம்பழம்.