இன்னும் நாலு கிலோ

“கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுங்க அண்ணி. மடக்மடக்குன்னு குடிச்சா வெளிய வந்துடும்.”

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். நாத்தனார் நீட்டிய புரோட்டீன் பாலை ஒரு வாய் உறிஞ்சியதுமே அவளுக்குக் குமட்டியது.

“முடியலம்மா. சட்டி சோத்தையும் வழிச்சுத் தின்னவளுக்கு இப்ப ஒரு கப் பால் மலையா இருக்கு.”

“இன்னும் நாலே கிலோதான். குறைஞ்சிட்டா உங்க கிட்னியை அண்ணனுக்கு வைக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல?”

“உங்கண்ணன் என்கிட்ட போன்ல பேசி நாலு நாளாச்சு.”

“ஐசியூவுல போன் குடுக்க மாட்டாங்க அண்ணி. வீட்டுக்கு வந்ததும் உங்களை யாரோன்னு முழிக்கப் போறாரு, பாருங்க.”

அவள் சிரிக்கவில்லை. கப்பைக் கீழே வைத்தாள்.

“தினம் காலைல பல்லுகூட விளக்க விடாம என்னை எடை மெஷின்ல ஏத்துவியே. அதே நாலு நாளா ஏன் ஏத்தல?”

நாத்தனார் அந்தக் கப்பை எடுத்து அதன் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“சொல்லு. அவரை எப்ப எடுத்தீங்க?”

நாத்தனார் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அண்ணி. உங்க தையல் ஆறட்டும்னுதான்...”

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைதான், பக்கத்தில் யாரும் இல்லாமல், அவள் முதன்முறையாக வாந்தியெடுக்காமல் ஒரு முழுக் கப்பையும் குடித்து முடித்திருந்தாள்.