மணக்காத வாயு

வெள்ளவத்தையில் பிற்பகல் மின்வெட்டு. எதிரே ஆமியின் காவல் சென்றி நிற்பதால் தெரு ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. குசினிக்குள், அடுப்பு மேடையோரம், ஜெனரேட்டர் ஓடுகிறது. கனடாவில், ரொறன்ரோவிலிருக்கும் மகள் அனுப்பிய நச்சுவாயு அலாரம் சுவரில் சிவப்பாய் மின்னி அலறுகிறது. ஏலக்காய் வியாபாரி அருளம்பலம், மூட்டையைப் பிரித்து மணத்தாலேயே தரம் சொல்லும் பவிசோடு, காற்றை மூன்று தரம் மோந்து பார்க்கிறார். "பெற்றோல் மணத்தைத் தவிர வேறொரு மணமுமில்லை. பெட்டி பொய் சொல்லுது." அலாரத்தின் பற்றரியைக் கழற்றப் போகும் கையை, தலையிடியோடு சரிந்திருக்கும் மனைவி திலகவதி எட்டிப் பிடிக்கிறாள். "இஞ்சாருங்கோ, உங்கட மூக்குப் போதுமெண்டால் பிள்ளை ஏன் பெட்டி வாங்கினவள்?" அவர் ஜெனரேட்டரை நிறுத்தி, ஜன்னலைத் தள்ளித் திறந்து, அவளைத் தாங்கிப் படியிறங்குகிறார். மேலே இன்னும் கத்துவது யாரென்று சென்றிக்காரன் சிங்களத்தில் கேட்கிறான். திலகவதி கடற்காற்றை ஆழ இழுத்துவிட்டு, சிங்களத்திலேயே சொல்கிறாள்: "என் மகள்."